அப்பா போட்ட கோடு

5 மார்ச் 2025, புதன்

மாலை ஆராதனையில் குருவானவர் எல்லாருடைய நெற்றியிலும் சாம்பலால் சிலுவை இட்டார். எங்கள் சபையில் இதுவரை நடக்காத காரியம். கத்தோலிக்கர்கள் இந்த நாளை விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். அந்தச் சொல் அவர்களுக்குக் கூசுவதில்லை. அமெரிக்க மிஷன் வழியில் வந்த எங்களுக்கோ விபூதி என்றால் அது பக்கத்து வீட்டுக்காரருடையது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற மூப்பர் ஒருவர் பாதி வழியில் திரும்பி வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும், "அடுத்தது காவடியா?" என்று கேட்டார். குருவானவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாவம், சிரித்துச் சமாளித்தார்.

நான் இட்டுக்கொண்டேன். வரும் வழியில் பாண் வாங்கப் போன கடைக்காரர், "ஐயா எப்போது சைவத்துக்கு மாறினீர்கள்?" என்றார். இரண்டு பக்கத்திலும் ஒரே கண்கள்.

9 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மட்டுவிலுக்குப் போனேன். சின்னம்மா இனித் தேறமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன் விறாந்தையில் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். தலையணைக்குக் கீழே அட்டை கழன்ற வேதப்புத்தகம், மேலே சுவரில் பன்றித்தலைச்சி அம்மன் படம். இரண்டும் நாற்பது வருடமாக ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் இருந்திருக்கின்றன.

என் அம்மாவின் ஒரே தங்கை. 1984இல் ஒரு சைவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். சித்தப்பா போன பிறகு நெற்றியில் பொட்டும் இல்லை. பொட்டு வைத்தவள் என்ற பேர் மட்டும் எங்கள் சபையில் இன்னும் அழியவில்லை.

"தம்பி, நான் போனால் இவர்கள் தங்கள் முறைப்படி செய்யட்டும். என் பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும். சபைச் சேமக்காலையில் என்னைப் புதைக்க இடம் கேட்டு நீ யாரிடமும் போகாதே. குருவானவர் வந்து ஒரு சங்கீதம் வாசித்தால் போதும்."

அவ்வளவுதான் கேட்டார். பிறகு, மட்டுவில் கத்தரிக்காய் கொஞ்சம் கட்டிக்கொண்டு போ என்றார். சாகக் கிடக்கும்போதும் அவருக்கு என் வயிறுதான்.

16 மார்ச், ஞாயிறு

ஆராதனைக்குப் பின் சபைக் குழு கூடியது. நானும் அதில் ஒருவன். சின்னம்மா கேட்ட சங்கீத விஷயத்தைக் குருவானவர் எடுத்து வைத்தார். ஒருவர், பெயர் பதிவேட்டில் இல்லையே என்றார். இன்னொருவர், இன்று இதற்கு விட்டால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்றார். யார் கேட்பார்கள்? சபையை விட்டுப்போன பெண்கள் எல்லாரும் சாகும்போது ஒரு சங்கீதம் கேட்டால் அது ஆபத்தா? மூன்றாமவர், நாம் முன்னோர் முறையை மீறக்கூடாது என்றார்.

முன்னோர் முறை. எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவனிடம் இதைச் சொல்லலாமா? 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய காலத்தில், மிஷன் வளவில் சமைத்த சோற்றை உயர்சாதிப் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பதற்காகச் சமையலையே வளவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். கடல் தாண்டிச் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் ஒரு பானைக்காக வளைந்தார்கள். பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களை எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அதற்கும் முறை இடம் கொடுத்தது. பேர்சிவல் பாதிரியார் வேதத்தைத் தமிழில் பெயர்த்தபோது கூடவே உட்கார்ந்து உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் நெற்றியில் இருந்த நீறு அந்த வேலைக்குத் தடையாகவில்லை. சாதிக்கும் காசுக்கும் புலமைக்கும் வளையத் தெரிந்த முறை, கட்டிலில் கிடக்கும் ஒரு கிழவிக்கு மட்டும் ஏன் இரும்பாகிறது?

இதையெல்லாம் நான் சொன்னேனா? பாதிதான் சொன்னேன். குரல் நடுங்கிவிட்டது. கை தூக்கச் சொன்னார்கள். வாசிக்கலாம் என்று மூன்று கைகள், கூடாது என்று ஏழு. குருவானவர் தலை குனிந்து குறிப்பு எழுதினார். அவருக்கும் அடுத்த இடமாற்றம் இருக்கிறது.

18 மார்ச், செவ்வாய்

விடிய நாலரைக்குத் தம்பியிடமிருந்து, சின்னம்மாவின் மகனிடமிருந்து, அழைப்பு. நேற்றுப் பங்குனித் திங்கள். அம்மன் கோயிலில் பொங்கலுக்கு வந்த சனத்தின் சத்தம் வீட்டுக்குக் கேட்டதாம். "அரிசி காணுமா?" என்று சின்னம்மா இரண்டு தடவை கேட்டாராம். பிறகு பேசவில்லை.

19 மார்ச், புதன்

பந்தலுக்குள் இருக்க முடியாத வெயில். பறை ஒலி ஓயவில்லை. குருக்கள் வந்து கிரியைகளைத் தொடங்கினார். பொற்சுண்ணம் இடிக்கும்போது திருவாசகம் பாடிய முதியவரின் குரலில் எனக்கே கண் கலங்கியது. அது முடிந்ததும் தம்பி குருக்களின் காதில் ஏதோ சொன்னான். அவர் என்னைப் பார்த்து, "அம்மாவின் விருப்பம் என்றால் இப்போதே வாசியுங்கள். நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுத் தூணோடு சாய்ந்து உட்கார்ந்தார். எங்கள் ஏழு கைகளும் எனக்கு நினைவுக்கு வந்தன.

அட்டை கழன்ற அந்தப் புத்தகத்திலிருந்தே 139ஆம் சங்கீதத்தை வாசித்தேன். "நான் வானத்திற்கு ஏறினாலும், நீர் அங்கே இருக்கிறீர், நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்." அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு கிடந்தது. எந்த வருடம் போட்டாரோ.

பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். நாங்கள் சுடலைக்குப் போனோம்.

23 மார்ச், ஞாயிறு

கோயிலுக்குப் போகவேண்டாம் என்று படுத்திருந்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் வேட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். போனேன்.

முடிந்ததும் பழைய பதிவேட்டைப் பார்க்கவேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். ஓரங்களில் செல் அரித்திருக்கிறது. சின்னம்மாவின் பெயர் அதில் இருக்கிறது: பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல். அதன்மேல் அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் "நீக்கம், 1984". அந்த 'நீ'யின் சுழியை எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூட அறிக்கைகளில் எல்லாம் கையெழுத்துப் போட்ட கை. அப்பாதான் அப்போது செயலாளர்.

இது தெரியாமல் நான் ஐம்பத்தெட்டு வயது வரை வந்திருக்கிறேன்.

இரவு நெடுநேரம் முற்றத்தில் இருந்தேன். 1995 ஒக்டோபர் 30 நினைவுக்கு வந்தது. போருக்கு அஞ்சி யாழ்ப்பாணக் குடாநாடே மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு. அப்பா துணிமணிகளை விட்டார், அம்மாவின் தையல் மெஷினை விட்டார். இந்தப் பதிவேட்டை மட்டும் பொலித்தீனில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். அடுத்த நாள் பகல் போய்ச் சேர்ந்தது மட்டுவிலில், சின்னம்மா வீட்டில். ஆறு மாதம் அங்கேதான் இருந்தோம். பதிவேடு அவருடைய நெல் மூட்டைகளுக்கு மேலே, நனையாத இடத்தில் இருந்தது. ஒரு நாள் கூரை ஒழுகியபோது சின்னம்மா ஓடிப்போய் அதை எடுத்துத் தன் சேலையால் துடைத்ததை நான் கண்டேன். உள்ளே தன் பெயருக்கு என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே கிணற்றில் குளித்து, ஒரே அடுப்பில் இறக்கிய புட்டைச் சாப்பிட்டு, அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

அப்பா கெட்டவர் அல்ல. அதுதான் கஷ்டம்.

30 மார்ச், ஞாயிறு

மச்சான் வந்திருந்தான். உங்கள் சபை செத்த சபை, எங்கள் ஜெப மண்டபத்துக்கு வாருங்கள் என்கிறான். போய்ப் பார்த்திருக்கிறேன். பாட்டு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே தாலி கூடாது, தோடு கூடாது, பொங்கல் வீட்டுச் சோறு கூடாது. எங்கள் சட்டம் ஒரு முழம் என்றால் அவர்களுடையது மூன்று முழம். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவன் போன பிறகு மனைவி கேட்டார்: "அப்படியென்றால் உங்களுக்கு என்னதான் வேண்டும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. காலையில் கிணற்றடியில் பல் விளக்கும்போது, "ஆண்டவரே, இன்றைக்கும் கூட இரும்" என்று சொல்கிறேன். அதை நான் விட்டதில்லை. குழு கூடிய அன்றும் விடவில்லை. அது கோயில் எனக்குத் தந்ததுதான், ஞாயிறு பாடசாலையில், ஐந்து வயதில். சின்னம்மாதான் அப்போது எனக்கு ஆசிரியை.

13 ஏப்ரல், ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓலைச் சிலுவை மடிக்கக் கை மறந்துவிட்டது. பேத்தி மடித்துத் தந்தாள். நாளை சித்திரை வருடப் பிறப்பு. எங்களுக்குத் துடக்கு என்று தம்பி வீட்டில் கொண்டாட்டம் இல்லை.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு, சாம்பலைக் கடலில் கரைக்க, கீரிமலைக்குப் போனோம். நான் கரையில் நிற்கத்தான் போனேன். தம்பி கடலில் இறங்கும்போது பாசியில் வழுக்கி, "அண்ணா, கையைத் தாருங்கள்" என்றான். இடுப்பளவு தண்ணீருக்குள் வேட்டியோடு இறங்கிவிட்டேன். சாம்பல் கொஞ்சம் என் கையிலும் ஒட்டியது. இந்தத் தபசு காலத்தில் இது இரண்டாவது சாம்பல்.

மாலையில் திருவிருந்து. மேசைக்குப் போவதா என்று கடைசிப் பாட்டு வரை யோசித்தேன். கை தூக்கிய ஏழு பேரில் ஒருவர் எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். எழும்ப முடியாமல் தடுமாறியபோது என் தோளைப் பிடித்தார். தோளைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அன்றைய பந்தியில் யூதாசும் இருந்தான், மறுதலித்த பேதுருவும் இருந்தான். இதில் நான் யார், அவர் யார் என்று கேட்டால் எனக்கே நிச்சயம் இல்லை. பாதிதானே பேசினேன்.

20 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

விடியற்கால ஆராதனை. 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நாளில் வாசலில் காக்கிச் சட்டையைக் கண்டால் உள்ளம் ஒருமுறை திடுக்கிடுகிறது. இன்றும் இரண்டு பேர் நின்றார்கள். நன்றாகப் பாடினோம்.

முடிந்ததும் செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். நான்கே வரி. பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே "மரணம், 18.03.2025" என்று எழுதவேண்டும். கோட்டை அழிக்கவேண்டாம், அது என் தகப்பனார் போட்டது, இருக்கட்டும். எழுதும் செலவு ஒன்றும் இல்லை, மையை நான் தருகிறேன்.

செயலாளர் இரண்டு முறை வாசித்தார். குழுவுக்கு வைக்கவேண்டும் என்றார். வையுங்கள் என்றேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டதும் என் பேனையையே வாங்கிப் போட்டுத் தந்தார். பேனையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு கேட்கவேண்டும்.