ஒரே குழி

நிலக்கரிச் சுரங்க விபத்து என்றதும் வாயு வெடிப்பும் கூரைச் சரிவும்தான் நினைவுக்கு வரும். ஆட்கள் ஏறி இறங்கும் குழியே உயிர் குடித்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் இருந்த ஹார்ட்லி சுரங்கத்துக்கு ஒரே குழிதான். விட்டம் 12 அடி, ஆழம் சுமார் 600 அடி. நடுவே மேலிருந்து கீழ்வரை மரப்பலகைத் தடுப்பு. ஒரு பாதியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு ஓடும், நல்ல காற்றும் அதன் வழியே இறங்கும். மறு பாதியில் பம்ப் குழாய்கள். கீழே எரியும் உலையின் சூட்டில் கெட்ட காற்று அந்தப் பக்கமாக மேலேறும். இரண்டாவது குழி தோண்டும் செலவு மிச்சம். அன்றைக்குப் பல சுரங்கங்களில் இதுதான் வழக்கம்.

1862 ஜனவரி 16 காலை, ஷிப்ட் மாறும் நேரம். இரண்டு ஷிப்ட் ஆட்களும் கீழே இருந்தார்கள். குழிவாய்க்கு மேலே ஏறி இறங்கிப் பம்பை இயக்கும் 42 டன் இன்ஜின் உத்திரம் நடுவில் முறிந்து, ஒரு பாதி குழிக்குள் விழுந்தது. அது வார்ப்பிரும்பு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. தண்ணீர் இறைக்கும் ஒவ்வொரு முறையும் உத்திரத்தின் மேல்விளிம்பு இழுபடும். உள்ளே ஒரு வார்ப்புக் குறை இருந்தால் வளைந்து எச்சரிக்காது, பட்டென்று விட்டுவிடும்.

மேலே வந்துகொண்டிருந்த கூண்டில் 8 பேர். அவர்களில் 5 பேர் இறந்தார்கள். கீழே இருந்த 199 பேர் மேல் உத்திரம் விழவே இல்லை. தடுப்பையும் சுவர்ப் பலகைகளையும் பெயர்த்துக்கொண்டு வந்து பாதிவழியில் அடைத்துக்கொண்டது. தடுப்பு போனதும் காற்றோட்டம் நின்றது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கியது. மேற்பார்வையாளர் ஒருவரின் குறிப்பேட்டில் கடைசிப் பதிவு மறுநாள் வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு உரியது. அதுவரை அவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். ஏறி வர இன்னொரு வழி மட்டும்தான் இல்லை.

மீட்பு வேலையும் அந்த 12 அடிக்குள்தான். கயிற்றில் தொங்கியபடி ஒரு சிலர்தான் வேலை செய்ய முடியும். கீழே ஒரு கட்டையை உருவினால் மேலே சுவர் சரியும். இடுக்கு திறந்தபோது வந்த வாயு மீட்பவர்களையே மயக்கியது. 22ஆம் தேதி உள்ளே போனபோது ஒருவரும் பிழைத்திருக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் வந்தது: குறைந்தது இரண்டு குழிகள் வேண்டும், இடையில் 10 அடிக்குக் குறையாமல் தோண்டாத நிலம் இருக்க வேண்டும். இந்தப் பத்தடிதான் சட்டத்தின் உயிர். ஒரே குழியைப் பலகையால் பிரித்து, இரண்டு வழி இருக்கிறது என்று இனிக் கணக்குக் காட்ட முடியாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அப்போது அப்படிச் சட்டம் இல்லை. அங்கிருந்த அவண்டேல் சுரங்கத்துக்கும் ஒரே குழி. குழிவாய்க்கு நேர்மேலே நிலக்கரி உடைக்கும் மரக்கட்டடம். 1869 செப்டம்பர் 6 அன்று அது பற்றி எரிந்தபோது, காற்று வரும் வழியும் ஆள் ஏறும் வழியும் சேர்ந்தே அடைபட்டன. இறந்தவர்கள் 110 பேர். அதில் இருவர், மீட்கப் போனவர்கள்.