வேலை எந்த ஊருக்கு வருகிறது?

அமெரிக்காவில் 2000-இல் சுமார் 1.7 கோடிப் பேர் உற்பத்தித் துறையில் வேலை பார்த்தார்கள். 2010-இல் அது 1.15 கோடிக்கு இறங்கிவிட்டது. சீன இறக்குமதி மட்டும் காரணமில்லை. இயந்திரமயமும் 2008 நெருக்கடியும் சேர்ந்துதான் அடித்தன. ஆனால் அடி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி விழவில்லை. ஆலையையே நம்பியிருந்த சின்ன நகரங்கள்தான் அதிக அடி வாங்கின. ஆலை மூடினால் லாரிக்காரர், சாப்பாட்டுக்கடைக்காரர் பிழைப்பும் கூடவே போகும்.

அதனால்தான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டால்டன் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. தரைவிரிப்புக்குப் பேர்போன ஊர். வீட்டுக் கட்டுமானம் படுத்ததும் தறிகளும் படுத்தன. 2019-இல் அங்கே கியூசெல்ஸ் நிறுவனத்தின் சோலார் பேனல் ஆலை திறந்தது. இறக்குமதி பேனல்களுக்கு 2018-இல் போட்ட வரி அதற்கு வழிவிட்டது. 2022 பணவீக்கக் குறைப்புச் சட்டம் தந்த உற்பத்திச் சலுகைக்குப் பிறகு விரிவாக்கமும் வந்தது.

வெறும் வரியை மட்டும் போட்டுவிட்டு வேலை வரும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாலை, மின்கட்டமைப்பு, துறைமுகம் எல்லாம் கூடவே வேண்டும். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் 1.2 லட்சம் கோடி டாலரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அப்புறம், வேலை இழந்தவருக்கு அவர் ஊரிலேயே பயிற்சி கொடுங்கள். ஐம்பது வயதுக்காரரை வேறு மாநிலத்துக்குப் போகச் சொல்லாதீர்கள்.