விறகு அட்டி சாயாமல் நிற்க

வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு விறகுத் தொட்டிக்கு, அதாவது விறகு விற்கும் கடைக்கு, கணக்கு எழுதத்தான் போனேன். லோடு வரும் நாளில் ஆள் பற்றாது. பேனாவைச் சொருகிவிட்டு விறகு அடுக்க இறங்க வேண்டியதுதான். கேஸ் வந்தபிறகும் விறகை யாரப்பா வாங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. விறகு அடுப்பு பிரியாணிக் கடை, கல்யாணச் சமையல், சுடுகாடு இருக்கிறவரை தொட்டிக்கு வேலை இருக்கும்.

வருவது பெரும்பாலும் சவுக்கு, பொன்னேரிப் பக்கத்து லோடு. ஒரு காலத்தில் ரயில் இன்ஜின்களில் எரிப்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் கரையோரமெல்லாம் சவுக்கு போட்டார்கள். பக்கிங்காம் கால்வாயில் படகு படகாக விறகு வந்திருக்கிறது. இப்போது அந்தக் கால்வாய் இருக்கிற இருப்பைச் சொல்ல வேண்டாம். சவுக்கு நேராகப் பிளக்கும், அடுக்கச் சுலபம். வேலிக்காத்தான், அதுதான் சீமைக்கருவேலம், வந்தால்தான் தலைவலி. கணுவும் கோணலுமாக, எப்படி வைத்தாலும் துள்ளும்.

"கீழ பாரு நைனா, மேல அப்பால பாத்துக்கலாம்" என்பார் மேஸ்திரி. வடசென்னைத் தரை மழைக்குச் சொதசொதவென்று ஆகிவிடும். நேராக மண்ணில் வைத்தால் கரையான் ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். அதனால் செங்கல் போட்டு, அதன்மேல் நீளமான இரண்டு கழிகளைக் கிடத்தி, அதற்கு மேல்தான் விறகை அடுக்கி அட்டி போடுவோம். ஒரு செங்கல் மண்ணில் புதைந்தாலும் அட்டி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும்.

அட்டியின் இரண்டு முனைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு தூண் எழுப்ப வேண்டும். இருப்பதிலேயே தட்டையான கட்டைகளை அதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுவார் மேஸ்திரி. நடுவில் நேர் அடுக்கு போதும். பிளந்த விறகு முக்கோணமாக இருக்கும். ஒன்றின் தட்டை கீழே என்றால் பக்கத்துக் கட்டையைத் தலைகீழாக்கிப் பொருத்த வேண்டும். அடிப்பக்கம் தடித்தும் நுனி சிறுத்தும் இருப்பதால் ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைக்கவும் வேண்டும். வைத்ததும் கையால் ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் திருப்பி வைப்பாரே தவிர, அடியில் சிம்பு சொருக விடமாட்டார். காய்ந்ததும் அந்தச் சிம்பு உதிர்ந்துவிடும்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. பச்சை விறகு காயும்போது தடிமனில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. வெயில் படும் பக்கம் முதலில் காய்வதால் அந்தப் பக்கம்தான் முதலில் தாழும். சித்திரையில் குண்டூசி மாதிரி நிமிர்ந்து நின்ற அட்டி ஆனியில் வெயிலைப் பார்த்துக் குனிந்திருக்கும். இது தெரிந்தே மேஸ்திரி ஆரம்பத்திலேயே நிழல் பக்கமாக ஒரு பொட்டு சாய்த்து அடுக்குவார். தூரத்திலிருந்து பார்த்த முதலாளி, கோணலாக இருக்கிறதே என்று கத்துவார். இவர் காதில் வாங்க மாட்டார்.

உயரம் நெஞ்சளவுக்கு மேல் போகக் கூடாது. இட வாடகை கொடுக்கிறவருக்கு இது பிடிக்காதுதான். சுவரில் சாத்தினால் இன்னும் உயர்த்தலாமே என்பார்கள். பச்சை விறகின் பாரத்தைத் தாங்க அந்தக் காம்பவுண்டு சுவரைக் கட்டவில்லை. போதாததற்கு காற்றும் போகாது.

நல்லபடியாக அடுக்கிய அட்டியும் எடுக்கிறவன் கையில்தான் சரியும். மேலிருந்து வரிசையாக எடுக்க வேண்டும். வண்டிக்காரப் பையன்கள் நடுவில் ஒரு நல்ல கட்டையைப் பார்த்தால் உருவிவிடுவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாலு நாள் கழித்து, பக்கத்தில் கூட்ஸ் வண்டி போகிற அதிர்வுக்கே பொலபொலவென்று இறங்கும். அதனால் முன்வரிசையில் கூடவே ஒரு சின்ன அட்டி போட்டு, சில்லறை எடையெல்லாம் அதிலிருந்து மட்டும் என்று வைத்தோம்.

ஐப்பசி பிறந்தால் தார்ப்பாய். மேலே மட்டும் மூட வேண்டும், பக்கங்களைத் திறந்து விட வேண்டும். சுற்றிலும் போர்த்திக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். பிரியாணிக் கடை பாய் எடை போடும் முன் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். 'டங்' என்று கேட்டால்தான் ஏற்றச் சொல்வார், 'தொப்' என்றால், "ஈரத்துக்கும் சேத்துக் காசு குடுக்கணுமா தம்பி?" என்று வண்டியைத் திருப்பிவிடுவார்.