கச்சான் எழும் முன்: கைட்சர்ஃபிங் பயிற்றுநர் தேர்வுக்குத் தயாராவது

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் வாரங்களில் ராமேஸ்வரம், மண்டபம் கரையில் காற்று நிலையாக இருக்காது. வடகிழக்கிலிருந்து வீசும் வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் இன்னும் கட்டியிருக்காது. கைட்சர்ஃபிங் (பெரிய பட்டமான கைட் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) பயிற்றுநர் தேர்வுக்கு வருகிறவர்களும், வெளியூரில் இருந்துவிட்டு சீசனுக்குத் திரும்பும் பயிற்றுநர்களும் காற்றுக்குக் காத்திருந்தே இந்த நாட்களை விட்டுவிடுகிறார்கள். ஆனால் மதிப்பீட்டாளர் முக்கியமாகக் கவனிப்பது, மாணவர் கையில் கைட் இருக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதைப் பார்க்கிறீர்கள் என்பதைத்தான். அதைப் பழக இந்தக் காற்றில்லாத நாட்களே போதும்.

கரையை எடைபோடுவதிலிருந்து தொடங்குங்கள். அரியமானும் ராமேஸ்வரம் தீவின் வடகரையும் பாக் விரிகுடாவை நோக்கியவை. வாடையில் அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். கைட்டை இழந்த மாணவரும் கரைக்கே ஒதுங்குவார். கச்சானில் அதே இடத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அலையில்லாத ஆழமற்ற தண்ணீர் புதியவருக்கு ஏற்றதாகத் தெரியும். லைன் (கைட்டையும் ஓட்டுபவரையும் இணைக்கும் கயிறு) அறுந்தாலோ காற்று விழுந்தாலோ அவரை விரிகுடாவின் நடுவுக்கு இழுத்துப் போவதும் அதே தண்ணீர்தான். மீட்புப் படகு தயாராக இல்லாமல் அங்கே பாடம் எடுக்க மாட்டேன் என்று தேர்வில் தயங்காமல் சொல்லுங்கள். 'நல்ல இடம்' என்ற பொதுவான விடை போதாது. எந்தக் காற்றுக்கு நல்லது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு தடைகள். பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள், வலை மிதவைகள், நங்கூரக் கயிறுகள், இடுப்பளவுத் தண்ணீரில் பாசி எடுக்கும் பெண்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போய்வரும். லைன் 20 முதல் 24 மீட்டர் நீளம். ஆகவே காற்று போகும் திசையில் குறைந்தது இரண்டு லைன் நீளம், சுமார் 50 மீட்டர், ஆளும் பொருளும் இல்லாமல் இருக்க வேண்டும். கைட்டை விரிக்கும் மணலில் சீமைக்கருவேல் முள் கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு முள் பிளாடரை (கைட்டுக்குள் காற்றடைக்கும் பை) துளைத்தால் அன்றைய பாடம் போச்சு.

கருவிகளில் லைன் நீளம்தான் அதிகம் ஏமாற்றும். முன் லைன்கள் கூடுதல் இழுவையைத் தாங்குவதால் நாளடைவில் நீண்டுவிடும். அப்போது பின் லைன்கள் குட்டையானது போலாகி, கைட் பின்னோக்கிச் சரிந்து விழும். மாணவரோ தன் கை சரியில்லை என்று நினைப்பார். நான்கு லைன் முனைகளையும் ஒரே கம்பத்தில் மாட்டி, டிரிம்மை (கைட்டின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) முழு விசைக்கு வைத்து, பாரை (கையில் பிடித்து ஓட்டும் கம்பி) உள்ளே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பார் நேராக நின்று, நான்கும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். குவிக் ரிலீஸை (அவசரத்தில் கைட்டின் விசையை விடுவிக்கும் கொக்கி) நன்னீரில் அலசி, எடை கொடுத்துத் தொங்கியபடியே பலமுறை விடுவித்துப் பாருங்கள். உப்பும் மணலும் இறுகியிருந்தால் அவசரத்தில் கழலாது. வால்வைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு தெரியும். காற்றடித்த கைட்டை மதிய வெயிலில் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் வால்வுப் பசை இளகி விட்டுவிடும்.

தன்மீட்பை, அதாவது கடலில் மாட்டிக்கொண்டவர் தானே கைட்டைச் சுருட்டிக் கரை சேர்வதை, காற்றில்லாத நாளில் மணலில் முழுமையாகச் செய்யலாம். குவிக் ரிலீஸை விடுவிக்க வேண்டும்; கைட் விசையிழந்து விழும். பிறகு லீஷ் (உடலோடு கைட்டைப் பிணைக்கும் பாதுகாப்புக் கயிறு) மாட்டிய லைனைப் பிடித்து பாரை அடைந்து, முதலில் அந்த ஒரு லைனை மட்டும் பாரில் சுற்ற வேண்டும். நான்கையும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கினால் கைட் மறுபடி காற்றைப் பிடித்து உங்களை இழுத்துவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான். சில மீட்டர் சுற்றி, அவிழாதபடி முடிச்சுப் போட்ட பிறகே மற்றவற்றைச் சேருங்கள். விரலிலோ மணிக்கட்டிலோ லைனைச் சுற்றவே கூடாது.

மாணவர் பயந்தால் பாரைத் தன்பக்கம் இழுப்பார். இழுத்தால் விசை கூடும், கூடினால் இன்னும் பயப்படுவார். இதை உடைக்க ஒரே கட்டளைதான் உண்டு: 'பாரை விடு.' மரியாதைக்காக நீட்டிச் சொன்னால் காற்றில் கேட்காது. கரையிலேயே அவரிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். நீங்கள் அவருக்குச் சற்றுப் பின்னால், காற்று வரும் பக்கத்தில், அவருடைய ஹார்னஸ் (கைட்டின் இழுவையைத் தாங்கும் இடுப்புப் பட்டை) கைப்பிடிக்குக் கை எட்டும்படி நில்லுங்கள். லைன்களுக்கும் அவருக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். கைட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது பயிற்சியாளர்களிடம் அடிக்கடி காணும் தவறு. மாணவரின் கை, காற்றுப் போகும் பக்கம், கைட் என்று கண் சுழல வேண்டும். இருவர் இருந்தால் வெறும் பாரைப் பிடித்து ஒருவர் மாணவராக நடிக்கலாம். வேண்டுமென்றே தவறு செய்யச் சொல்லுங்கள்.

வாய்மொழிக் கேள்விகளுக்கு முன்னுரிமை விதிகள் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது: கரையிலிருந்து இறங்குபவருக்கே வழி, எதிரெதிரே வந்தால் வலது கை முன்னால் இருப்பவருக்கு வழி, காற்று வரும் பக்கம் இருப்பவர் கைட்டை உயர்த்துவார், மற்றவர் தாழ்த்துவார்.

முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். மூழ்கி மூச்சற்றவருக்கு மூச்சு கொடுப்பதில் தொடங்கி, பிறகு நெஞ்சில் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். பாக் விரிகுடாவில் திருக்கை உண்டு, அதனால் மாணவர்களைக் காலைத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். குத்திவிட்டால் தோல் வெந்துவிடாத, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. பாடத் திட்ட வரைபடத்தில் அந்த எல்லையைக் குறியுங்கள். அதே தாளில் கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093, பக்கத்துக் குப்பத்தில் உடனே படகு எடுக்கக்கூடியவரின் எண் மூன்றும் இருக்கட்டும்.