உப்புக்காற்றில் ஓடிய சுரங்க ரயில்கள்

லண்டன் சுரங்கப் பாதைகளுக்காகக் கட்டிய '1938 ரக' ரயில் பெட்டிகள் அங்கே 1988-இல் ஓய்வு பெற்றன. அவற்றில் சில அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள ஒயிட் தீவுக்குக் கப்பலேறி, 2021 ஜனவரி 3 வரை ஓடின. எண்பது வயதைத் தாண்டிய வண்டிகள் கண்காட்சிக்காக இல்லாமல், பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கின்றன. பழைய டி.சி. (நேர்மின்னோட்ட) ரயில்களைப் பராமரிக்கும் யாருக்கும் இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது.

தீவுக்குச் சுரங்க ரயில் போனதற்குக் காரணம் ஒரு சிறிய குகைப்பாதை. தீவின் ரைட் நகரில் கடலுக்குள் நீளும் கடற்பாலத்தின் முனையிலிருந்து ஷாங்க்ளின் வரை எட்டரை மைல் பாதை. பாலத்தைக் கடந்து கரை ஏறியதுமே அந்தக் குகைப்பாதை வரும். கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் அதற்குள் தண்ணீர் புகுந்துவிடும். 1966 கடைசியில் நீராவி ரயில்களை நிறுத்திப் பாதையை மின்மயமாக்கியபோது, வெள்ளத்துக்குத் தப்பத் தண்டவாளத்தைச் சுமார் 25 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். தண்டவாளம் உயர்ந்த அளவுக்குக் கூரை இறங்கிய மாதிரி ஆயிற்று. சாதாரண பிரிட்டிஷ் பெட்டி அதில் நுழையாது. மூன்று மீட்டருக்கும் குறைவான உயரமுள்ள லண்டன் சுரங்கப் பெட்டி நுழையும். அதனால் 1967 மார்ச்சில் மின்சேவை தொடங்கும்போதே 1920, 30-களின் பெட்டிகள் அங்கே போய் நின்றன. அவை தேய்ந்து முடிந்ததும் 1938 ரகம், ஈஸ்ட்லீ பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு, இரண்டிரண்டு பெட்டிகளாக வந்தது.

லண்டனில் ஓடியதை அப்படியே கொண்டுவந்து தீவில் ஓட்டிவிட முடியாது. லண்டனில் நான்கு தண்டவாளம். வெளிப்புற மின்தண்டவாளம் தரையைவிடச் சுமார் 420 வோல்ட் மேலே, நடுவில் உள்ளது 210 வோல்ட் கீழே. இரண்டுக்கும் இடையில் 630. சக்கரம் ஓடும் தண்டவாளத்தில் மோட்டார் மின்சாரம் போகவே போகாது. கசியும் மின்சாரம் சுரங்கத்தின் வார்ப்பிரும்பு வளையங்களையும் பக்கத்தில் உள்ள குழாய்களையும் அரித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தீவில் மூன்றே தண்டவாளம். மின்சாரம் திரும்புவது ஓடுதண்டவாளம் வழியாக. எனவே நடுத் தண்டவாளத்தில் உரசும் 'ஷூ'வைக் கழற்றிவிட்டு, அதற்குப் போன கேபிளைச் சக்கரங்களோடு இணைக்க வேண்டும்.

கேட்க எளிய வேலைதான். ஆனால் இன்சுலேஷன் கெட்ட இடத்தில் இதன் விளைவு பெரிது. நான்கு தண்டவாள முறையில் பாசிட்டிவ் கேபிள் ஓரிடத்தில் வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் உடனே எதுவும் வெடிக்காது. நெகட்டிவ் பக்கம் தரையோடு நேரடியாகச் சேரவில்லை என்பதால் வண்டி தாக்குப்பிடித்து ஷெட்டுக்கு வந்துவிடும். மூன்று தண்டவாளத்தில் சட்டமும் சக்கரமும் தண்டவாளமும் ஒன்றுதான். தொட்ட கணமே முழு ஷார்ட். லண்டனில் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் போகும் பழுது, தீவில் வண்டியை நடுப்பாதையில் நிறுத்தும்.

இதோடு உப்பு சேர்கிறது. 1938-க்கு முந்தைய ரகத்தில் மின்கருவிகள் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனி அறையில் இருந்தன. மோட்டார் பெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்கே போனது. அத்தனையையும் தரைக்குக் கீழே தள்ளி இருக்கைக்கு இடம் பிடித்ததுதான் 1938 ரகத்தின் பெரிய சாதனை. லண்டன் மண்ணுக்கடியில் அது அருமையான யோசனை. கடற்பாலத்தின் மேல், அலை தெறிக்கும் உயரத்துக்கு மிக அருகில் இருப்பது அதே அடிப்பகுதிதான்.

மோட்டாருக்குள் என்ன நடக்கும்? சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேயத் தேய நுண்ணிய கரித்தூள் சேரும். காய்ந்த தூள் பெரிய தொல்லை இல்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், தூளும் உப்பும் கலந்த படலம் மின்சாரம் ஊர்ந்து போகும் பாதையாகிவிடும். ஒருநாள் பிரஷ் ஹோல்டரிலிருந்து சட்டம்வரை பளீரென்று தீ பாயும். இதைத் தடுக்க நூதனக் கருவி எதுவும் தேவையில்லை, ஒழுங்கு வேண்டும். தூளை உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றடித்தால் அது கம்பிச்சுருளான காயிலுக்குள்தான் போய் உட்காரும். பிரஷ், அதன் ஹோல்டருக்குள் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, ஸ்பிரிங் அழுத்தம் எல்லாவற்றிலும் சமமா என்று பார்க்க வேண்டும். பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் உருளையின் செம்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள மின்காப்பு மைக்கா மேலே தூக்கி நின்றால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். அதைச் சீவி இறக்க வேண்டும். பிறகு இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெக்கர் கருவி. ஆயிரம் வோல்ட்டுக்கு ஒரு மெக்ஓம், அதோடு இன்னொன்று என்பது பழைய கணக்கு. தீவின் 660 வோல்ட்டுக்கு 1.66 வரும். அந்த எண்ணைத் தாண்டியதும் திருப்திப்படுவது தவறு. போன மாதம் இருபது காட்டியது இன்று ஐந்து காட்டினால் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். உப்பு படிந்த காயிலை நல்ல தண்ணீரில் கழுவி, சூளையில் உலர்த்தி, மறுபடி வார்னிஷ் ஏற்றியே ஆக வேண்டும். கழுவாமல் உலர்த்தினால் உப்பு உள்ளேயே இருக்கும். அடுத்த மழையில் கதை மறுபடி தொடங்கும்.

வேகக் கட்டுப்பாட்டுக்கு அழுத்தக் காற்றில் திரும்பி, சுவிட்சுகளை வரிசையாக இயக்கும் ஒரு தண்டு, கேம்ஷாஃப்ட். அது படிப்படியாகத் திரும்பி, ரெசிஸ்டன்ஸ்களை ஒவ்வொன்றாக விலக்கி, மோட்டார்களைத் தொடர் இணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றும். காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்தால் அது பாதியில் சிக்கும். சில நொடிகளுக்காகச் செய்த ரெசிஸ்டன்ஸில் மின்சாரம் நின்று ஓடி, அது சூடேறிச் சிவந்துவிடும். பழுது கேம்ஷாஃப்டில் தெரியும். மூலம் பெரும்பாலும் வடிக்காமல் விட்ட காற்றுத் தொட்டியில் இருக்கும்.

இவை எல்லாமே கையால் சரிசெய்யக் கூடியவை. கடைசியில் அந்த வண்டிகளை வீழ்த்தியது துருதான். ஓய்வு பெற்ற வண்டியிலிருந்து, மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரைக் கழற்றலாம், மோட்டாரை எடுக்கலாம், கம்ப்ரஸரையும் எடுக்கலாம். கூரை ஒழுகி உள்ளே இறங்கிய தண்ணீர் தின்ற தூணுக்கு உதிரிபாகம் கிடையாது. வெட்டி, புது எஃகு வைத்துப் பற்றவைக்க வேண்டும். லிவர்பூல் துறைமுகத்தின் உயர்மட்ட மின்ரயிலுக்கும் முடிவு இப்படித்தான் வந்தது. 1893-இல் திறந்த அந்தப் பாதையின் கீழேயே துறைமுகத்தின் நீராவி ரயில்கள் ஓடின. அவற்றின் புகையும் ஈரமும் மேலே இருந்த இரும்புத் தளத்தை அரித்தன. பழுதுபார்க்க இருபது லட்சம் பவுண்டு ஆகும் என்று கணக்கு வந்ததும் 1956 டிசம்பரில் மூடிவிட்டார்கள். கிளாஸ்கோ சுரங்க வட்டத்தில் நேர்மாறு. 1896-இல் கம்பிவடம் இழுத்த பெட்டிகளுக்கு 1935-இல் மோட்டார் பொருத்தி, 1977 வரை ஓட்டினார்கள். பராமரிப்புக்கு ஒவ்வொரு பெட்டியையும் கோவன் பணிமனையில் கிரேன் கட்டி மேலே தூக்க வேண்டியிருந்தும் ஓட்டினார்கள். வெயிலும் மழையும் படாத இடம் பெட்டிக்கு எவ்வளவு ஆயுள் தரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தீவில் 2021 நவம்பரிலிருந்து ஓடுபவையும் பழைய லண்டன் பெட்டிகளே. 1980-ஐ ஒட்டி லண்டனின் டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதைக்காகக் கட்டிய உடல். அலுமினியம் என்பதால் துருவுக்குப் பயமில்லை. உள்ளே புது மோட்டார், புது மின்னணுக் கட்டுப்பாடு. உடலைப் பொறுத்தவரை இது சரியான தேர்வு. கவலை மின்னணுவில்தான். அவற்றை மாற்றிக் கட்டிய விவாரயில் நிறுவனம் 2022 கடைசியில் திவாலானது. கான்டாக்டர் முனை கருகினால் அரம் வைத்து ராவலாம், இல்லையென்றால் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். செய்தவர் இல்லாமல் போன ஒரு சர்க்யூட் போர்டை, அதன் மென்பொருளை, எந்தப் பட்டறையில் கடைவது? உதிரி போர்டுகளும் வரைபடங்களும் இப்போதே கைக்கு வந்தாக வேண்டும்.

பழைய வண்டிகளில் 007 எண்ணுள்ளது தீவின் நீராவி ரயில்வேயிடம், ஹேவன்ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அங்கே மூன்றாம் தண்டவாளம் கிடையாது. மோட்டாரைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். கூரைக்கு மட்டும் இப்போதே தார்ப்பாயோ கொட்டகையோ வேண்டும்.