நாதுலா பெர்மிட்: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

சிக்கிம் போய், இந்திய-சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாயைப் பார்க்க நினைப்பவர்கள், ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் கிழமையைப் பார்த்துவிடுங்கள். திங்களும் செவ்வாயும் அங்கே சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. பெர்மிட்டுக்கு முந்தைய நாளே விண்ணப்பிக்க வேண்டும். அதையும் பதிவு பெற்ற டிராவல் ஏஜென்ட் வழியாகத்தான் செய்ய முடியும். சனிக்கிழமை காலை நியூ ஜல்பைகுரியில் இறங்கி, மதியத்துக்குள் கேங்டாக் சேர்ந்து விண்ணப்பித்தால் ஞாயிறு போய்வரலாம் என்பது எங்கள் கணக்கு. ஆனால் தீஸ்தா ஆற்றின் ஓரமாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 10-இல் மண் சரிந்து, வண்டி லாவா என்ற ஊர் வழியாகச் சுற்றியது. கேங்டாக் போய்ச் சேர்ந்தபோது கடைகள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு கைநழுவியது, இனி புதன்தான். மழைக்காலத்தை ஒட்டிப் போகிறவர்கள் இந்தச் சாலையை நம்பி நேரத்தை இறுக்கமாகப் போடாதீர்கள்.

இடைப்பட்ட நாட்களில் ரும்டெக் மடாலயம், எம்.ஜி. மார்க் கடைவீதி எல்லாம் நன்றாகவே கழிந்தன.

செவ்வாய்க்கிழமை காலை ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போனோம். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசியபோது “ஆதார் இருந்தால் போதும்” என்று அடித்துச் சொன்னவர் இவர்தான். இப்போது அவருடைய மேசையில் இருந்த பையன் நான்கு ஆதார் அட்டைகளையும் அப்படியே எங்கள் பக்கம் தள்ளினான். வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், இவற்றில் ஒன்று வேண்டுமாம். முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டால், முதலாளி சிலிகுரி போயிருக்கிறார் என்று பதில்.

எனக்கும் கணவருக்கும் உரிமம் இருந்தது. மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருந்தது. மாட்டிக்கொண்டவர் அத்தை. எழுபது வயதில் அவருக்கு ஏது ஓட்டுநர் உரிமம்? வாக்காளர் அட்டை மதுரையில் பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. மின்னணு வாக்காளர் அட்டையைத் தரவிறக்கலாம் என்று முயன்றேன்; ஓ.டி.பி. யாரும் பயன்படுத்தாத பழைய எண்ணுக்குப் போயிற்று. கடைசியில் நாத்தனாரைக் கூப்பிட்டோம். அவள் அனுப்பிய முதல் படத்தில் அட்டையின் மேலுறையில் ட்யூப்லைட் வெளிச்சம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. “ஜன்னல் பக்கம் வைத்து எடும்மா” என்று அத்தை இங்கிருந்து சத்தம் போட்டதில் அந்த அலுவலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது படம் தெளிவாக வந்தது. படியிறங்கி ஒரு கடையில் இரு பக்கத்தையும் வண்ணத்தில் அச்செடுத்து, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களோடு கொடுத்தோம். வாங்கிக்கொண்டான்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், மாலையில் ஓட்டலுக்கு வந்த பெர்மிட் நகலில் நான்கு பெயரும் சரியாக இருந்தன. இடங்களின் பெயர்தான் சரியில்லை. சாங்கு ஏரி, பாபா மந்திர் என்ற கோயில், அவ்வளவுதான். நாதுலா இல்லை. பணம் வாங்கும்போது ரசீதில் ‘நாதுலா பயணம்’ என்று எழுதியவர்கள் இவர்கள்! பிரவேசிகா வரை எழுதித் தேறிய என் இந்தியை முழுவதுமாகச் செலவழித்துச் சண்டை போட்டேன். பாபா மந்திர் வரை போனாலே நாதுலா போன மாதிரிதான், பனி அங்கேயும் இருக்கிறது என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னார் முதலாளி. பனி பார்க்கவா இவ்வளவு பாடு?

ஏரிக்கும் பாபா மந்திருக்கும் கிடைப்பது ஒரு பெர்மிட். நாதுலாவுக்குத் தனியாக அனுமதி வேண்டும், வண்டிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, ஒரு நாளைக்கு விடும் வண்டிகளுக்கு வரம்பும் உண்டு. இதை எங்களுக்கு விளக்கியவர் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண். கையிலிருந்த பெர்மிட்டை விட்டுவிட்டு, அவர் சொன்ன வேறொரு ஏஜென்டிடம் புதன் காலையில் மறுபடி எல்லா நகல்களையும் கொடுத்தோம். இந்த முறை, சீட்டில் நாதுலா என்ற பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சோதனைச்சாவடியில் சீட்டைப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டு விட்டார்கள். போகும் வழியில் பூட்சும் கோட்டும் வாடகைக்குத் தரும் கடையில் ஓட்டுநர் நிறுத்துவார். பக்கத்துக் கடையிலும் விலை கேளுங்கள். சாங்கு ஏரியே 12,313 அடி, நாதுலா 14,140 அடி. வண்டி நிற்கும் இடத்திலிருந்து மேலே படியேற வேண்டும், நாலு படிக்கே மூச்சு வாங்கும். அத்தை கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று, எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டார். அந்தப் பக்கம் நிற்கும் சீன வீரரைப் பார்த்து வணக்கம் போட்டார். பதில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, வந்தது என்கிறார் அத்தை. படம் எடுக்க அனுமதி இல்லாததால் சாட்சியும் இல்லை. 1962 போரையொட்டி மூடி, 2006 ஜூலையில்தான் மறுபடி வணிகத்துக்குத் திறந்த எல்லை இது. கெடுபிடியில் எனக்குக் குறையில்லை. கெடுபிடி இன்னதென்று முன்கூட்டியே சொல்லாதவர்கள் மேல்தான் கோபம்.

சிங்கப்பூர், மலேசிய உறவினர்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று: வெளிநாட்டுக் குடிமக்களை நாதுலாவில் விடுவதில்லை. அவர்களுக்கு வேறு திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வட சிக்கிமில் லாச்சுங், லாச்சேன் பக்கம் போவதற்குத் தனிப் பெர்மிட், அதற்கும் இதே ஆவணங்கள். நகல்களைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டு போங்கள். முதல் ஏஜென்ட் திருப்பித் தருவதாகச் சொன்ன பாதிப் பணம் இன்னும் வரவில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.