புழுக்கொடியலும் கீழ்ப்பல் கம்பியும்

2025 மார்ச் 2, ஞாயிறு
ஒட்டுசுட்டான்

அம்மம்மா கொண்டுவந்த புழுக்கொடியலை, அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை, கடித்துக்கொண்டிருந்த மகள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கீழ்ப்பற்களின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் கம்பியின் இடதுபக்க நுனி விடுபட்டு, நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். வேட்டைப்பல்லிலும் அதற்கு அடுத்த வெட்டும்பல்லிலும் இருந்த ஒட்டு கழன்றிருந்தது. மற்றைய நான்கு பற்களில் கம்பி உறுதியாகவே இருந்தது.

பல்லின் வெளிப்புறக் கம்பிகளைக் கழற்றிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அன்றே வைத்தியர் மேற்பற்களுக்குக் கழற்றி மாட்டும் தட்டையும், கீழ்ப்பற்களுக்கு வேட்டைப்பல்லிலிருந்து வேட்டைப்பல் வரை ஒட்டிய, பற்கள் பழைய இடத்துக்கு நகராமல் பிடித்து வைக்கும் இந்த ரிடெய்னர் கம்பியையும் தந்திருந்தார். பழைய பல்கம்பி மெழுகுப்பெட்டி அலுமாரியில் இருந்தது நல்லதாயிற்று. கம்பி நுனியைப் பஞ்சினால் ஈரம் போகத் துடைத்து, பயறளவு மெழுகை உருட்டி அதன்மேல் அழுத்தியதும் குத்துவது நின்றது.

மார்ச் 3, திங்கள்

பக்கத்து வீட்டு அண்ணை அக்கறையோடு சுப்பர் குளூவை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மனம் நோகாதபடி மறுத்துவிட்டேன். அந்தப் பசை வாய்க்குள் இடுவதற்குரியதல்ல; ஈறைப் புண்ணாக்கும் என்பதோடு, கம்பி பிழையான நிலையில் ஒட்டிக்கொண்டால் பல்லையும் பிழையான பக்கத்துக்கே தள்ளும்.

யாழ்ப்பாணத்திலுள்ள கிளினிக்குக்கு அழைத்தேன். கம்பியை வளைக்கவோ வெட்டவோ வேண்டாம், வெட்டிய துண்டு தொண்டைக்குள் போய்விடக்கூடும் என்றார்கள். மேற்தட்டை வழக்கம்போல இரவில் அணியவும் மென்மையான உணவை உண்ணவும் சொல்லி, சனிக்கிழமைக்கு நேரம் தந்தார்கள்.

இரவு மகள் சொன்ன செய்திதான் என்னைக் கலங்கவைத்தது. சிவராத்திரி அன்றே அந்த இடத்தில் நாக்குக்கு ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்பட்டதாம், நோகாததால் சொல்லவில்லையாம். "அம்மா, யாழ்ப்பாணம் போய்வர உங்களுக்கு ஒரு நாள் லீவு போய்விடுமே என்று நினைத்தேன்" என்றாள். அப்படியானால் புழுக்கொடியல் கடைசி அடியை மட்டுமே கொடுத்திருக்கிறது. ஒட்டு அதற்கு முன்னரே விட்டிருக்கிறது. குத்துகிற கம்பி உடனே வைத்தியரிடம் அனுப்பிவிடும். குத்தாமல் கழன்றிருக்கும் கம்பியோ, பல் நகர்வதை ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிடும். தூரத்தை நினைத்து ஒரு பிள்ளை பேசாமல் இருக்கும்படி நான் எப்போதாவது சலித்துக்கொண்டேனோ என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

பல் ஏன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பதை மகளுக்கு மீண்டும் விளக்கினேன். பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்கள், பல் திருப்பப்படும்போது முறுக்கேறிய கயிறு போல இழுபட்டு நிற்கின்றன. எலும்பு சில மாதங்களில் இறுகினாலும் இந்த நார்கள் புதிய நிலைக்குப் பழக ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். கீழ் வெட்டும்பற்களோ, கம்பியே போடாதவர்களுக்குக்கூட வயது ஏற ஏற நெருக்கமடைபவை. ஆகவேதான் அங்கே நிரந்தரமாக ஒரு கம்பியை ஒட்டுகிறார்கள்.

எங்களிடம் கீழ்ப்பற்களுக்கு மாற்றாக ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் உறையும் இருந்தது. சென்ற ஆண்டு ஆவணி வெயிலில், மோட்டார் சைக்கிள் இருக்கையின் கீழ்ப்பெட்டிக்குள் நான்தான் அதை வைத்து மறந்தேன். மாலையில் எடுத்தபோது நெளிந்து, பல்லில் ஏறவில்லை. புதிதாகச் செய்விக்காமல் விட்டதும் என் தவறே. இருந்திருந்தால் இந்த ஒரு வாரமும் அது பற்களைப் பிடித்து வைத்திருக்கும்.

மார்ச் 6, வியாழன்

மெழுகு மாற்றினோம். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தாள். நாக்குப் புண் ஆறிவிட்டது.

மார்ச் 8, சனி

விடியற்காலையில் மாங்குளம் சென்று, ஏ9 வீதியில் யாழ்ப்பாண பஸ் ஏறினோம். பரந்தன், ஆனையிறவு என்று ஊர்கள் கடந்துகொண்டிருக்க, மகள் நாக்கினால் அந்த இடத்தைத் தடவியபடியே வந்தாள்.

வைத்தியர் சிகிச்சை முடிந்த நாளில் எடுத்த பிளாஸ்டர் அச்சைக் கொண்டுவந்து, கண்ணாடியில் அவளுடைய பற்களையும் அருகருகே காட்டினார். இடது வெட்டும்பல் சற்றே திரும்பியிருந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாத அளவுதான். ஒட்டு விட்டதற்கான காரணத்தையும் சொன்னார். நாக்கின் கீழிருந்து உமிழ்நீர் வந்து தேங்கும் இடம் அது. ஒட்டும்போது சிறிது ஈரம் பட்டிருந்தாலும் பிடிப்புக் குறையும். பின்னர் கடினமான உணவின் ஒவ்வொரு கடியும் அதை அசைக்கும். கம்பியைச் சுற்றிப் பற்காரை படிவதும் அதே உமிழ்நீரால்தான்.

இப்போதுள்ள நிலையிலேயே மீண்டும் ஒட்டலாம், அல்லது முதலில் பல்லைத் திருப்பிவிட்டு ஒட்டலாம் என்று அவர் மகளிடமே கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "திருப்பிவிட்டு ஒட்டுங்கோ டொக்டர்" என்றாள். விடுபட்ட நுனியை மட்டும் வெட்டியெடுத்து, புதிய அச்சு எடுத்தார். அச்சில் அந்த ஒரு பல்லை மட்டும் அறுத்துச் சரியான இடத்தில் வைத்து, அதன்மேல் பல்லைத் திருப்பும் உறை செய்வார்களாம்.

மார்ச் 22, சனி

மீதிக் கம்பி கழற்றப்பட்டது. புதிய உறை ஏறியது. இறுக்கமாக இருக்கிறது, இரண்டு நாள் நோகும் என்றார்கள். உண்ணும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர எப்போதும் அணிய வேண்டும். குளிர்ந்த நீரிலேயே கழுவ வேண்டும். வைக்கும் பெட்டியை இனி என் கைப்பையில் நானே சுமப்பேன்.

மே 10, சனி

பல் சரியான நிலைக்குத் திரும்பிவிட்டது. பழைய பசையை முழுவதும் உரசியெடுத்து, அமிலக்கூழ் தடவிக் கழுவி, பஞ்சுருளைகளால் நாக்கை ஒதுக்கி நன்றாக உலர்த்தி, பல இழைகள் முறுக்கிய புதிய எஃகுக் கம்பியை வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பசையை நீல ஒளியில் இறுக்கினார். மாற்று உறை ஒன்றும் இம்முறை கையோடு வாங்கிக்கொண்டோம்.

ஞாயிறு தோறும் கண்ணாடி முன் நின்று, ஆறு ஒட்டுகளையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து என்னிடம் சொல்வதாக மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அம்மம்மா மிச்சமிருந்த புழுக்கொடியலை உரலில் இட்டு மாவாக இடித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தார்.